படை அனுப்புவதா, படகை ஏற்பதா?

கேள்வி: கல்லாறு ஆசிரியை

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விவாதம் வைத்திருக்கிறேன். ஒரு நாட்டில் மக்கள் கொல்லப்படும்போது வெளிநாடுகள் படை அனுப்பித் தடுக்க வேண்டுமா, தப்பி வருவோரை ஏற்க வேண்டுமா? எதில் பாவம் குறைவு? "2009 இல் யாராவது வந்திருந்தால்" என்ற பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். எல்லோரும் படையின் பக்கமே நிற்கிறார்கள். மறுபக்கத்துக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

அக்கரைப்பற்று வாசகர்

பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1994 இல் ருவாண்டாவில் ஐ.நா. படை இருந்தது. கொலைகள் தொடங்கிய பிறகு அதைக் குறைத்தார்கள். வீட்டு வாசலிலேயே வெட்டப்பட்டவனுக்கு எந்த நாட்டுக் கதவு திறந்திருந்து என்ன பயன்? 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்காளதேசத்திலிருந்து, தப்பி வந்த ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளை இந்தியா ஏற்றது. டிசம்பரில் இந்தியப் படை பாகிஸ்தானோடு போரிட்டு வென்ற பிறகுதான் அவர்களால் வங்காளதேசத்துக்குத் திரும்ப முடிந்தது.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்

மகள், மறுபக்கத்துக்கு நான் பேசுகிறேன். 1987 இல் இந்திய அமைதிப்படைக்கு மாலை போட்டவர்கள் நாங்கள். அக்டோபரில் அதே படை யுத்தத்தில் இறங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் படையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் போனார்கள், ஜூனில் அடுத்த யுத்தம் வந்தது. அனுப்பியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் படை இறங்கிய பின் யார் சாவது என்பது அனுப்பியவர் கையில் இல்லை.

அடைக்கலத்தின் செலவையும் நான் அறிவேன். 2007 மார்ச்சில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஷெல் விழ, சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. பதிவு எடுத்தவன் நான். பள்ளிக்கூடங்கள் முகாம்களாகிப் படிப்பு நின்றது. கிணறுகள் விடியுமுன்பே கலங்கின. "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று எங்கள் ஊராரே முகத்துக்கு நேரே கேட்டார்கள். வெல்லாவெளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயரைக் கேட்டால் மாட்டைப் பற்றிச் சொன்னாள்: கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தாளாம், கன்று ஊட்டியிருக்குமா, மடி கட்டிப்போயிருக்குமா என்று. இத்தனை தொல்லையிலும், அவர்களை ஏற்றுக்கொண்டதால் ஒருவர்கூடச் சாகவில்லை. இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

லிபியாவையும் சொல்லுங்கள். மக்களைக் காக்க என்று 2011 இல் நேட்டோ குண்டு போட்டது. அதே நாட்களில் திரிப்பொலியிலிருந்து 72 பேரோடு புறப்பட்ட ஒரு றப்பர் படகு இரண்டு வாரம் கடலில் அலைந்தது. கடலெங்கும் போர்க்கப்பல்கள். பிழைத்தவர்கள் 9 பேர். காக்க வந்தவர்கள் கண்ணெதிரே வந்த படகையாவது ஏற்றியிருக்க வேண்டாமா?

திருக்கோவில் வாசகி

ஐயா, அடைக்கலம் போய்ச் சேர முடிந்தவனுக்குத்தானே? மன்னார்க்காரருக்கு இராமேஸ்வரம் ஓர் இரவுக் கடல். எங்கள் சனம் முதலில் மன்னாருக்கோ திருகோணமலைக்கோ போக வேண்டும், வழியெல்லாம் சோதனைச்சாவடி. கனடாவுக்குப் போக ஏஜென்சிக்குக் கட்டக் காணி விற்க வேண்டும். 1990 இல் என் அம்மம்மாவிடம் விற்கக் காணியும் இல்லை.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர்

உண்மை, தங்கச்சி. அதனால்தான் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது போதாது, போய் ஏற்றிவர வேண்டும் என்கிறேன். 1999 இல் யுத்தத்துக்குத் தப்பி மசிடோனியாவுக்கு வந்த கொசோவோ மக்களை அங்கிருந்து விமானங்களில் ஏற்றிப் பல நாடுகள் பகிர்ந்துகொண்டன. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டோர். மனம் இருந்தால் முடியும் வேலைதான். ருவாண்டாவில், அங்கே ஏற்கெனவே நின்ற காவலைக் குறைத்தது பெரும் பாவம், அக்கரைப்பற்று அன்பரோடு அதில் உடன்படுகிறேன். அதை வைத்துக் குண்டு போடுவதை நியாயப்படுத்த வேண்டாம்.

மகள், பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். 2024 டிசம்பரில் மியன்மாரின் ரொஹிங்யா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டோரோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்தது. அவர்களைக் கடைசியில் விமானப்படை முகாமில் வைத்தார்கள். அகதிகள் பற்றிய 1951 சாசனத்தில் இலங்கை இன்னும் சேரவில்லை. அந்தப் படகு கல்லாற்றுக் கரைக்கு வந்திருந்தால், தங்கள் பள்ளிக்கூடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்களா?