அடியில் நூல் கூடு கட்டி நின்ற தையல் மெஷின்: உங்கள் அனுபவம்?

ஊசிக்காது:
பட்டுப்பாவாடைக்கு பார்டர் ஓடிட்டிருக்கு, கடக்குன்னு நின்னுது. மேல்தையல் ஒழுங்கா இருக்கு, அடியில ஒரே நூல் கூடு. வீலை அழுத்திச் சுத்தினதுல பட்டும் ஊசித்துளைக்குள்ள போயிடுச்சு. அந்த நேரத்துல துணியை இழுக்கவே கூடாது. பாபின் கேஸை (அடிநூல் சுத்தின பாபின் உட்கார்ற டப்பா) எடுத்து, ஊசி இறங்குற தட்டோட ஸ்க்ரூ ரெண்டையும் கழட்டி, அடியிலிருந்து நூலை வெட்டணும். பிறகு பாபின் கேஸ் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினா சரியாகுது.

காஜாபட்டன்:
கடைசி வரியை ஒத்துக்க முடியாதுங்க. அடியில கூடு கட்டுறது மேல்நூல். சந்தேகம்னா மேலே சிவப்பு, பாபின்ல வெள்ளை போட்டுப் பாருங்க, கூடு சிவப்பா இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தை இறக்கி வச்சு நூல் கோர்த்தா, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு மூடியிருக்கும், நூல் நடுவுல உட்காராது. டேக்அப் லீவர் (நூலை மேலே இழுக்க ஏறி இறங்குற கை) ஓட்டையில கோர்க்காம விட்டுப்போனாலும் இதே கதிதான்: ஷட்டில் (அடியில மேல்நூலைப் பிடிச்சு பாபினைச் சுத்திக் கொண்டுபோற கொக்கி) சுத்தின நூலை மேலே இழுக்க எதுவும் இல்ல. பாதத்தைத் தூக்கி முதல்லேர்ந்து கோருங்க. பாதத்தை இறக்கினதும் நூலை இழுத்தா தடை தெரியணும். பாபின் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

மிதிகட்டை:
நான் பார்த்ததுல நூல் மேல தப்பே இல்ல. மார்கழிக் காலையில வீல் அசையவே இல்ல. ஷட்டில் ஓடுற இடம் முழுக்கத் தேங்காயெண்ணெய் பிசின், அதுல பஞ்சு அப்பிக்கிடக்கு. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும், நாள்பட்டா பிசினாயிடும்.

இப்படி இருந்தா ஊசியை உச்சிக்கு ஏத்தி, பாபின் கேஸை எடுங்க. ஷட்டிலை மூடியிருக்கிற வளையத்தைப் பிடிச்சிருக்கிற கொக்கி ரெண்டையும் திருப்பினா வளையம் வந்துடும். ஷட்டிலை நடுக்குச்சியில பிடிச்சு உருவுங்க. மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சுத் துடைங்க. மோட்டார் வச்ச மெஷின்னா பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான். காய்ஞ்சதும் மெஷின் ஆயில் ஒரே சொட்டு. முதல்ல கழிவுத்துணியில தைங்க, இல்லேன்னா எண்ணெய்க்கறை.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். ஊசியும் காரணமாகும். மெல்லிய பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி, காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16. ஊசியில நீளமான பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் நூல் நுழையணும். பாபினைத் தளர்வா சுத்தாதீங்க. தொடங்கும்போது ரெண்டு நூல்முனையையும் நாலு விரல் நீளம் விட்டு, பின்பக்கமா பிடிச்சுக்கிட்டு முதல் மூணு தையல் போடுங்க. ஓரத்துல ஆரம்பிக்கிறப்போ இது ரொம்ப முக்கியம்.

காஜாபட்டன்:
மண்ணெண்ணெய் பெயின்ட் மேல படாம பாத்துக்கோங்க, பழைய மெஷின்ல பூ டிசைன் உரிஞ்சுடலாம்.