குழந்தை பிறந்தபின் வேலைக்குத் திரும்புவோரை அலுவலகம் எப்படி நடத்துகிறது?

வெண்பனி:
மகப்பேறு விடுப்பு முடிந்து சென்னையில் உள்ள என் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, நான்கு ஆண்டுகளாக நான் பார்த்துவந்த வாடிக்கையாளர் கணக்கு வேறொருவரிடம் போயிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. காலை பத்து மணிக்கு நடந்துவந்த குழுக் கூட்டம் மட்டும் மாலை ஆறுக்கு மாறியது. குழந்தைக் காப்பகம் ஆறரைக்கு மூடிவிடும் என்பது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். ஆறு இருபதுக்கு நான் பையை எடுக்கும்போதெல்லாம் அறையில் பேச்சு நின்றுவிடும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் "ஈடுபாடு போதாது" என்று எழுதினார்கள்.

வைகைக்கரை:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால், நீங்கள் கிளம்பிய பிறகு மீதி வேலையை முடித்தவர்கள் யார்? என் குழுவில், தாயாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் ஒரு பெண், மற்றவர்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே மூன்று மாதம் இரவுப் பணி பார்த்தார். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கிய அரசு, ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கான செலவு முழுவதையும் நிறுவனத்தின் தலையில் வைத்துவிட்டது. வாடிக்கையாளர் அத்தனை வாரம் காத்திருப்பாரா? கணக்கைக் கைமாற்றியதைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

வெண்பனி:
விடுப்பின்போது கைமாற்றியதை நான் குறை சொல்லவில்லை. திரும்பி வந்தபின் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காததைத்தான் சொல்கிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. எங்கள் கட்டடத்தில் அதற்கென ஒதுக்கிய அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

தாழை:
தந்தையர் நிலையையும் சொல்கிறேன். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை. மகனுக்குக் காய்ச்சல் என்று அரைநாள் கேட்டபோது, "வீட்டில் அவன் அம்மா இல்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார் மேலாளர். அதன்பின் விடுப்புக் கடிதங்களில் எனக்கு வயிற்றுவலி என்றே எழுதிவருகிறேன்.

வைகைக்கரை:
காப்பகம் மூடும் நேரம் தெரிந்தே கூட்டத்தை மாற்றியிருந்தால் அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். மதிப்பீட்டில் மட்டும் உடன்பட முடியவில்லை. இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டால், இரவுப் பணி பார்த்த அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

வெண்பனி:
அவருக்கு அந்த மூன்று மாத இரவுப் பணியைப் போட்டது நானோ என் குழந்தையோ அல்ல, பணிப்பட்டியல் எழுதியவர். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருந்ததா என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.