சின் ஸ்ட்ராப் போட்டும் வாய் வழியாகக் காற்று போகிறது, இன்னும் இறுக்கலாமா?

தலையணை_தாசன்

எல்லோருக்கும் வணக்கம். தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஸ்லீப் ஆப்னியா தொல்லைக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபாப் மெஷின் போட ஆரம்பித்து ஏழு வாரம் ஆகிறது. தூக்க ஆய்வில் ஏஹெச்ஐ 38 வந்தது. மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது, கடுமையான வகை என்றார் டாக்டர். காற்றழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற ஆட்டோ மெஷின், பிரஷர் 7 முதல் 14 வரை. மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மதியம் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவதுகூட நின்றிருந்தது. அப்புறம் விடிகாலை மூன்று மணி வாக்கில் வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வர ஆரம்பித்தது. தலையணையில் எச்சில் ஈரம் வேறு. மெஷினின் செயலியில் கசிவு நிமிடத்துக்கு 41 லிட்டர் என்று காட்டுகிறது. விழித்துக்கொண்டு படுத்திருக்கும்போது பார்த்தால் கசிவே இல்லை, மாஸ்க் சரியாகத்தான் உட்கார்கிறது.

வாய் திறக்கிறது என்று புரிந்து ஒரு சின் ஸ்ட்ராப் வாங்கினேன். தாடையை மூடி, பக்கவாட்டில் போய்ப் பிடரியில் வெல்க்ரோவில் ஒட்டுகிற பட்டை. முதல் நாள் 41 இருந்தது 36 ஆனது, அவ்வளவுதான். இறுக்கிக் கட்டினேன், 33. ஆனால் ஏஹெச்ஐ 2.8 இருந்தது 7.5 ஆகிவிட்டது. காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி.

இன்னும் இறுக்கவா? மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற ஃபுல் ஃபேஸ் மாஸ்குக்குப் போய்விடவா? சிலர் வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குகிறார்களாம், எனக்கு நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

மூன்றாம்_ஜாமம்

இறுக்காதீர்கள் சார். முதலில் அந்தப் பட்டையைத் தளர்த்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

தாடையை மேலே தூக்கிப் பிடிப்பது வேறு, பின்னால் இழுப்பது வேறு. பிடரியில் ஒட்டுகிற பட்டையை இறுக்கினால் கீழ்த்தாடை பின்னால் போகும். தாடையோடு நாக்கின் அடிப்பகுதியும் பின்னால் போய்த் தொண்டையை அடைக்கும். நீங்கள் மெஷின் போடுவதே அந்த அடைப்பைத் திறக்கத்தானே? ஏஹெச்ஐ ஏறியது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூட்டு வலியும் அதே கதை.

உங்களுக்கு வேண்டியது தாடைக்கு நேர் கீழிருந்து கன்னம் வழியாக உச்சந்தலைக்குப் போகிற வகை. பல் வலி வந்தவர் துணியால் கட்டிக்கொள்வாரே, அந்த மாதிரி. அதையும் வாய் கொட்டாவிக்குத் திறக்கிற அளவு தளர்வாகக் கட்டினால் போதும். தானாகத் தொங்கிப் போகிற தாடையைத் தாங்கத்தான் பட்டை, பூட்டுப் போட அல்ல.

நான் பதினோரு வருடமாக மெஷின் போடுகிறேன். நான்கு பட்டை வாங்கி மூன்றைத் தூக்கிப் போட்டவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

கொட்டாவி_மன்னன்

எதற்கு இவ்வளவு பாடு? ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வாங்கிப் போடுங்கள். வாய் திறந்தால் திறக்கட்டும். நான் அப்படித்தான் செய்தேன், பிரச்சினை முடிந்தது.

ஈரக்காற்று

தூக்க ஆய்வுக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் மருந்து, பிரஷர் இரண்டையும் உங்கள் டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

கொட்டாவி_மன்னன் சொல்வது சிலருக்குச் சரி. மூக்கு வழியே மூச்சு விடவே முடியாதவர்களுக்கு ஃபுல் ஃபேஸ்தான் வழி. ஆனால் அது இலவச வரம் இல்லை. முகத்தில் அதிக இடம் படுவதால் அதற்கென்று தனிக் கசிவு உண்டு, பலருக்குப் பிரஷரும் கூடுதலாகத் தேவைப்படும். அந்த மாஸ்கே தாடையைப் பின்னால் அழுத்துவதும் உண்டு. தாசன் சார் முதல் இரண்டு வாரம் மூக்கு மாஸ்கில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். அப்படியானால் நடுவில் என்ன மாறியது என்று பார்ப்போம்.

மூக்கு வழியே காற்று வரும்போது மென்னண்ணம், அதாவது மேலண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதி, முன்னால் நகர்ந்து நாக்கின் மேல் படிந்து வாயை உள்ளேயே அடைத்துவிடும். அதனால் உதடு கொஞ்சம் பிரிந்திருந்தால்கூடக் காற்று வெளியே வராது. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழு சிபாப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதிய முதல் கட்டுரையிலேயே காற்று மூக்கு வழியாகத்தான் போனது. இந்த அடைப்பு உடைந்தால்தான் வாய்க்கசிவு. உடைக்கிறது எது என்று தெரியாமல் பட்டையை இறுக்குவது, கதவு ஏன் திறக்கிறது என்று பாராமல் கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரி.

மூன்று விஷயம் சொல்லுங்கள்:

படுக்கும்போது மூக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா? ஒரு பக்கத்தை விரலால் மூடி, மறு பக்கத்தில் இழுத்துப் பாருங்கள்.

காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் எந்த எண்ணில் இருக்கிறது?

தூங்கும்போது உங்களை யாராவது பார்க்க முடியுமா? பட்டை போட்ட பிறகும் தாடை தொங்குகிறதா, இல்லை தாடை மூடியிருக்க உதடு மட்டும் பிரிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். உதடு வழியே போகிற காற்றை எந்தச் சின் ஸ்ட்ராப்பும் நிறுத்தாது.

முடிந்தால் மெஷினின் எஸ்டி கார்டை எடுத்து ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் கசிவு வரைபடத்தைப் பாருங்கள். புரண்டு படுக்கும்போது மாஸ்க் நகர்ந்தால் ஊசி ஊசியாக எழுந்து இறங்கும். வாய்க்கசிவு பெரும்பாலும் திடீரென்று ஏறி, மேசை மாதிரி தட்டையாக நின்று, விழிப்பு வந்ததும் சட்டென்று விழும்.

அப்பாவின்_மகள்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 71 வயது, அவருக்கும் இதே தொல்லை இருந்தது. மூன்று பட்டை மாற்றினோம், பலனில்லை. கடைசியில் பார்த்தால் விஷயம் பல் செட். ராத்திரி கழற்றி வைத்துவிடுவார். பல் இல்லாமல் தாடை எங்கே போய் நிற்க வேண்டும் என்று அதற்கே தெரியாது, உதடும் உள்ளே மடிந்துவிடும். பல் டாக்டரிடம் கேட்டு, பகலில் சில மணி நேரம் கழற்றி ஈறுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ராத்திரி போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தோம். பட்டையே தேவைப்படவில்லை. தாசன் சாருக்குப் பல் செட் உண்டா?

தலையணை_தாசன்

பல் எல்லாம் சொந்தப் பல்தான் அம்மா, இரண்டு கடைவாய்ப் பல்லைத் தவிர.

பட்டையைத் தளர்த்திவிட்டேன். அன்றே ஏஹெச்ஐ 3.4-க்கு வந்துவிட்டது, கசிவு 38. மூன்றாம்_ஜாமம் சொன்னது சரிதான்.

ஈரக்காற்று மேடம் கேட்டதற்குப் பதில். இடது மூக்கு சரி. வலது மூக்கில் இழுத்தால் விசில் மாதிரி சத்தம், பாதிக் காற்றுதான் போகிறது. மூன்றாவது வாரம் சளி பிடித்தது, சளி போயிற்று, அடைப்பு மட்டும் தங்கிவிட்டது. ஹியூமிடிஃபையர் 2. அதிகம் வைத்தால் குழாயில் தண்ணீர் தேங்கி முகத்தில் தெறிக்கிறது என்று குறைத்திருந்தேன்.

வீட்டம்மாவை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே பார்த்தார். தாடை மூடித்தான் இருந்ததாம். ஆனால் உதட்டின் இடது ஓரத்தில் மட்டும், பானை கொதிக்கும்போது மூடி துடிக்குமே, அப்படிப் புஸ் புஸ் என்று காற்று போனதாம். வீடியோவும் எடுத்து வைத்திருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆஸ்கரில் மேசைதான். பன்னிரண்டு வரை ஒன்றுமில்லை. இரண்டே முக்காலுக்கு ஏறி நாலரை வரை அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் பிரஷர் 13.6.

ஈரக்காற்று

வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

உங்களுக்கு நடப்பது ஒரு சுற்று. மூக்கு அடைப்பால் வாய் வழியே காற்று வெளியேறுகிறது. அப்படி வெளியேறும்போது மூக்கில் காற்று ஒரே திசையில், உள்ளே மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சாதாரணமாக மூச்சை வெளியே விடும்போது மூக்குக்கு ஈரமும் சூடும் திரும்பக் கிடைக்கும். இங்கே அது கிடைக்காது. மூக்குச் சவ்வு வறண்டு வீங்கும், அடைப்பு இன்னும் கூடும், வாய் இன்னும் திறக்கும். ஈரப்பதத்தைக் குறைத்ததால் இந்தச் சுற்றுக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள். கூட்டுங்கள். குழாயில் தண்ணீர் தேங்கினால் ஈரத்தைக் குறைக்க வேண்டாம், சூடேறும் குழாய் மாட்டுங்கள். அது இல்லையென்றால் குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

மூக்குக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உப்புநீரால் கழுவுவது பலருக்கு உதவும், ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டும். மூக்கடைப்புக்குச் சட்டென்று திறக்கிற சொட்டு மருந்தை நாள் கணக்கில் போட்டுக்கொண்டே போகாதீர்கள். நிறுத்தியதும் அடைப்பு இரட்டிப்பாகத் திரும்பும். டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தால் அது வேறு, மெதுவாக வேலை செய்யும், தொடர்ந்து போட வேண்டும்.

அடுத்தது பிரஷர். 13.6-ல் உதடு பிரிவதில் ஆச்சரியமில்லை. அந்த அளவு உங்களுக்கு நிஜமாகவே தேவையா என்று டாக்டர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கசிவு பெரிதானால் மெஷினால் மூச்சைச் சரியாக அளக்க முடியாது, அது சொல்கிற ஏஹெச்ஐயையும் அப்போது முழுதாக நம்ப முடியாது. நீங்களே மெனுவில் புகுந்து மாற்ற வேண்டாம்.

எண்ணைப் பற்றியும் ஒன்று. ரெஸ்மெட் மெஷின்களில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருந்தால் ஏற்கத்தக்கது. பிலிப்ஸ் மெஷின்கள் மாஸ்கின் துளை வழியே போக வேண்டிய காற்றையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும். ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

மூன்றாம்_ஜாமம்

உதட்டுக்கு ஒரு வழி. நாக்கு நுனியை முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, முழு நாக்கையும் மேலே ஒட்டி, லேசாக உறிஞ்சி வைத்துக்கொண்டு தூங்கப் பழகுங்கள். ‘ன’ என்று சொல்லி நிறுத்தினால் நாக்கு எங்கே போகிறதோ, அதுதான் இடம். தூங்கினதும் நழுவிவிடும் என்று முதலில் நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் பழக்கமாகிவிட்டது. பகலில் டிவி பார்க்கும்போதும் செய்யுங்கள்.

உயரத் தலையணையில் மோவாய் நெஞ்சில் இடிக்கிற மாதிரி படுக்கிறீர்களா? பெயரே தலையணை_தாசன் என்பதால் கேட்கிறேன். ஒன்றைக் குறையுங்கள், ஒருக்களித்துப் படுங்கள்.

டேப் பற்றி: உங்கள் பயம் நியாயமானது. மூக்கு பாதி அடைத்திருக்கிறவர் வாயை ஒட்டவே கூடாது. வயிற்றெரிச்சல், வாந்தி வருகிறவர்கள், குடித்துவிட்டோ தூக்க மாத்திரை போட்டோ படுக்கிறவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். பட்டை போட்டிருந்தால் அவசரத்துக்கு வாயைத் திறக்கலாம், நடு ராத்திரி மின்சாரம் போனால் அதன் அருமை தெரியும்.

கொட்டாவி_மன்னன்

ஒரு சந்தேகம். மெஷினே இல்லாமல் சின் ஸ்ட்ராப் மட்டும் போட்டால் குறட்டை நிற்கும் என்று விளம்பரம் வருகிறதே? என் தம்பி மெஷின் வேண்டாம், இது போதும் என்கிறான்.

ஈரக்காற்று

போதாது. ஸ்லீப் ஆப்னியாவுக்குப் பட்டை மட்டும் சிகிச்சை ஆகாது. வாய் மூடியதால் சத்தம் குறையலாம், உள்ளே தொண்டை அடைப்பது அப்படியே இருக்கும். தம்பியை டாக்டரிடம் அனுப்புங்கள்.

தலையணை_தாசன்

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்தார். மூக்கின் நடுத்தண்டு லேசாக வளைவு, அதோடு ஒவ்வாமை வீக்கம். இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம், ஸ்டீராய்டு ஸ்ப்ரே போடுங்கள் என்றார். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஏமாற்று வேலையோ என்று நினைத்தேன். பத்தாவது நாள் விசில் நின்றது.

ஹியூமிடிஃபையர் 5, சூடேறும் குழாய். தூக்க டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மேல் பிரஷரை 14-லிருந்து 11-க்கு இறக்கினார். தலையணை இரண்டில் ஒன்று அலமாரிக்குப் போய்விட்டது. நாக்குப் பயிற்சி இன்னும் கைவரவில்லை, பாதி ராத்திரியில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

நேற்று கசிவு 14, ஏஹெச்ஐ 2.1. முந்தாநாள் 27 போனது, அன்று மல்லாக்கப் படுத்துவிட்டேன். உச்சந்தலைக்குப் போகிற வகைப் பட்டை வாங்கிப் போட்டிருக்கிறேன், ஒரு விரல் நுழைகிற தளர்வு. அதைக் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி பார்த்தேன், 22. ஆக அதுவும் கொஞ்சம் உதவுகிறது. மூட்டு வலி போய்விட்டது.

ஒரே தொல்லை, வழுக்கைத் தலையில் பட்டை பின்பக்கமாக நழுவி விடிகாலையில் கழுத்துக்கு வந்துவிடுகிறது.

மூன்றாம்_ஜாமம்

மாஸ்கின் தலைப்பட்டையை முதலில் மாட்டாதீர்கள். சின் ஸ்ட்ராப்பை முதலில் போட்டு, அதன் மேல் மாஸ்க் பட்டை வருகிற மாதிரி மாட்டினால் நழுவாது. மாட்டிய பிறகு மாஸ்கை ஒரு தடவை படுத்த நிலையில் சரிபார்த்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை கையால் துவைத்து நிழலில் காயப் போடுங்கள். என் இரண்டாவது பட்டை வெயிலில் காய்ந்து அப்பளம் ஆனது.