பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் அண்ணன், அக்காமாரே. எங்களுக்குச் சுங்கை சிப்புட். ரப்பரும் செம்பனையும் பார்த்து வளர்ந்த கூட்டம். கடல் என்றால் பங்கோர் தீவோடு சரி. இந்தப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பெர்ஹெந்தியான் போகிறோம், மூன்று இரவு.

மகன் கடைசி நாள் காலையில் ஸ்கூபா டைவிங் போயே தீருவேன் என்கிறான். டைவிங் முடித்து 18 முதல் 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது தெரியும். மேலே காற்றழுத்தம் குறையும்போது உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். நாங்கள் காரில்தான் திரும்புகிறோம். ஆனால் ஜெலி–கெரிக் மலைச்சாலையே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறதே! அன்று மாலையே கிளம்பலாமா, இல்லை படகுத்துறை இருக்கும் கோலா பெசுட்டில் ஓர் இரவு தங்கிவிடுவதா? டைவிங் பழகியவர்கள் சொன்னால் புண்ணியம்.

அம்மாவுக்கு இனிப்புநீர், இன்சுலின் போடுகிறார். படகிலும் வெயிலிலும் அதை எப்படிக் கெடாமல் கொண்டுபோனீர்கள்? பவளப்பாறை கீறினால் புண் ஆறாதே என்று அவருக்கு ரப்பர் காலணி வாங்கிவிட்டேன். ஜெல்லிமீன் கொட்டினால் ஊற்ற ஒரு போத்தல் வினிகரும் பையில் இருக்கிறது. ("ஊறுகாய் போடவா போற?" என்கிறார் மாமியார்.)

இன்னொன்று, இராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் தீவில் யாரைப் போய்ப் பார்ப்பது?