அசெம்பிள் பண்ண ஆம்ப்ளிஃபயர்: உங்களைப் படுத்தின ஃபால்ட் எது?

மன்னார்குடி:
டிடிஏ2030 ஆம்ப்ளிஃபயர் ஐசி ரெண்டு, 12-0-12 வோல்ட் மூணு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ரெண்டு. வழக்கமான செட்டுதான். வால்யூமை அடியோடு குறைச்சாலும் ‘கர்ர்’ போகலை. 4700-ஐக் கழற்றி 10000 போட்டா இன்னும் கூடிப்போச்சு! அதான் மறக்கலை. இன்புட் கிரவுண்டை சென்டர் டேப் (டிரான்ஸ்ஃபார்மரின் நடு ‘0’) ஒயரின் நடுவழியில் சால்டர் பண்ணியிருந்ததுதான் கோளாறு. கண்டென்சர் சார்ஜ் ஆகிற கரண்ட் அந்த ஒயரில்தான் விநாடிக்கு 100 தடவை குத்துக் குத்தா ஓடும்; கண்டென்சர் பெருசானா குத்தும் கூர்மையாகும். சென்டர் டேப்பை ரெண்டு கண்டென்சரும் சேர்ற இடத்தோட நிறுத்தி, அங்கிருந்து தனி ஒயர் இழுத்து, அதன் நுனியில் ஸ்பீக்கர் மைனஸ், இன்புட் ஷீல்டு எல்லாத்தையும் கட்டினதும் ட்வீட்டரில் காதை வச்சாலும் ஒண்ணும் கேட்கலை.

கும்பகோணம்:
எல்லா ஹம்முக்கும், அதான் அந்த ‘கர்ர்’ சத்தத்துக்கும், கிரவுண்டு காரணம் இல்லை அண்ணே. முதல்ல போர்டின் இன்புட்டை கிரவுண்டோட ஷார்ட் பண்ணிப் பாருங்க. நின்னுபோச்சுன்னா சப்ளையில் கை வைக்கவே வேண்டாம், கோளாறு அதுக்கு முன்னாடி. வால்யூம் குமிழைக் கழற்றிட்டு இரும்புத் தண்டைத் தொட்டா ஹம் குறையுதா? கண்ட்ரோலின் உடம்புக்கு கிரவுண்டு போகலை. அவ்வளவுதான்.

திருவாரூர்:
ஹம்மை விடுங்க. பிளாஸ்டிக் பெட்டி, பின்னாடி ஹீட்சிங்க், நல்லாப் பாடிக்கிட்டிருந்த செட். ஆடியோ பின்னின் இரும்பு ஹீட்சிங்கில் உரசின நொடியில் ஷீல்டு ஒயர் மெழுகா உருகி வழிஞ்சுது. 2030-ன் முதுகுத் தகடு மூணாவது காலோட சேர்ந்தது, அதாவது மைனஸ் சப்ளை. நடுவில் கரண்ட் கடத்தாத மைக்கா ஷீட் இருந்தும், ஸ்க்ரூ தகட்டைத் தொடாம இருக்கப் போடுற பிளாஸ்டிக் புஷ் போடலை. ஆன் பண்றதுக்கு முன்னாடி மீட்டரை பீப்பில் வச்சு, ஹீட்சிங்குக்கும் மூணாவது காலுக்கும் பாருங்க, கத்தக் கூடாது. ப்ளஸ், மைனஸ் ரெண்டு லைனிலும் தலா 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தா ஒயர் தப்பிச்சிருக்கும்.

நாகப்பட்டினம்:
இங்கே உப்புக் காத்து. ஆடியோ சாக்கெட்டில் பச்சை பூத்து, ஒரு பக்கம் மட்டும் கரகரக்கும். அது சின்ன விஷயம்.

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். புது போர்டை நேரா மெயின்ஸில் போடாதீங்க. 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டுங்க. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. பளிச்சுனு எரிஞ்சு மங்கினா சரி. அப்படியே எரிஞ்சா எங்கேயோ ஷார்ட். ஸ்பீக்கர் மாட்டாம அவுட்புட்டில் டிசி பாருங்க: 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, வோல்ட் கணக்கில் வந்தா ஸ்பீக்கரைக் கிட்டேயே கொண்டுபோகாதீங்க. அப்புறம், சத்தம் அதிகம்னு 22கே ரெசிஸ்டரோட இருக்கிற 680 ஓம்ஸ் ரெசிஸ்டரை எடுத்துட்டு 4.7கே போடுறாங்க. தப்பு. இந்த ஐசிக்கு கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) 24 டெசிபலுக்குக் கீழே போனா ஆசிலேட் ஆகும், அதாவது தானாவே அதிர ஆரம்பிக்கும். பாட்டே போடாம ஐசி கொதிக்கும். சத்தத்தைக் குறைக்கணும்னா இன்புட்டில் குறைங்க.

மன்னார்குடி:
கும்பகோணம் சார், இன்புட்டை ஷார்ட் பண்ணிப் பார்த்தாச்சு. அப்பவும் ‘கர்ர்’ இருந்துச்சு. அதனாலதான் கிரவுண்டுன்னேன்.

திருவாரூர்:
12-0-12-ஐ மாத்தி 15-0-15 போட்டுடாதீங்க. ராத்திரி மோட்டார் எல்லாம் நின்னு லைன் 250 வோல்ட் ஏறினா சப்ளை ப்ளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கமும் 22 வோல்ட்டைத் தாண்டும். சாதா 2030-க்கு 18தான் எல்லை.