வீட்டில் ஏணி: வாங்குவது, ஏறுவது, வைப்பது (சிங்கப்பூர்க்காரர்கள் தம் வட்டாரமும் வேலையும் போட்டு எழுதியவை)

அங் மோ கியோ, வீட்டுப் பழுதுபார்ப்பு:
ஏணி வாங்கப் போகிறவர்கள் “எத்தனை படி?” என்றுதான் கடையில் கேட்கிறார்கள். பாதம் எவ்வளவு உயரத்தில் நிற்கப்போகிறது என்பதல்லவா கணக்கு? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தரையிலிருந்து மேற்கூரை ஏறத்தாழ 2.6 மீட்டர். 1.6 மீட்டர் உயரமுள்ளவர் கையைத் தூக்கினால் சுமார் 2 மீட்டர் எட்டும். பாதம் 70, 75 செ.மீ. உயரத்தில் நின்றால் கூரை விளக்கைக் கழற்றிவிடலாம். மேல்படி அகலமாகவும் அதற்கு மேலே பிடித்துக்கொள்ள வளையமும் உள்ள மூன்று படி ஏணியே இதற்குப் போதும். வளையம் இல்லாத மடக்கு ஏணி என்றால் மேலிரண்டு படிகளில் நிற்கக் கூடாது. அப்போது அதே வேலைக்கு ஐந்து படி வேண்டும். அதற்கு மேல் பெரிதாக வாங்கினால் படுக்கையறையில் விரிக்கவே இடம் இருக்காது, சாய்த்து வைக்கத் தொடங்குவார்கள். மடக்கு ஏணியை விரிக்காமல் சுவரில் சாய்த்தால் கால் ரப்பர் முழுதாகத் தரையில் பதியாது, வழுக்கும்.

ஏணியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகவல் சீட்டைப் படியுங்கள். ‘ஈஎன் 131’ என்ற ஐரோப்பியத் தர ஏணி 150 கிலோ வரை தாங்கும். அது ஆள் எடை மட்டுமன்று, கையிலுள்ள டிரில்லும் தோளில் தொங்கும் பையும் சேர்த்து.

ஈசூன், மின்பணி:
விளக்கு, விசிறிப் பக்கம் போவதென்றால் அலுமினியம் வேண்டாம், ஃபைபர்கிளாஸ் வாங்குங்கள். கனம் கூடுதல், விலையும் கூடுதல், இருந்தாலும் மின்சாரம் பாயாது. இங்கே 230 வோல்ட். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பாதீர்கள். பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியை) மட்டும் வெட்டுவதும் உண்டு, அப்போது ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். டிபி பெட்டியில் (வீட்டின் மின்விநியோகப் பெட்டி) அந்த விளக்குக்கான எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு தொடுங்கள். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் உயிரைக் காக்கும், ஆனால் திடுக்கென்று உதறி ஏணியிலிருந்து விழுவதைத் தடுக்காது. பல்பு மாற்றலாம். புதிய விசிறி, புதிய வயர் எல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை.

ஜூரோங், கட்டுமானப் பாதுகாப்பு:
ஈசூன் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் சுவரில் டிரில் போடும்போது ஏணியைச் சுவருக்குப் பக்கவாட்டில் வைத்து உடம்பைத் திருப்பிக்கொள்கிறார்கள். டிரில்லை அழுத்தும் விசை அப்படியே திரும்பி ஏணியைக் குறுக்கே தள்ளும், மடக்கு ஏணி பலவீனமாக நிற்பது அந்தத் திசையில்தான். டிரில் பிட் சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் மாட்டினால் கை வேறு முறுக்கிக்கொள்ளும். சுவரைப் பார்த்தபடி ஏணி, நேராக நெஞ்சு உயரத்தில் துளை. இடுப்பு பெல்ட்டின் பக்கிள் ஏணியின் இரு சட்டங்களுக்கு வெளியே போனால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

தரையில் பெயிண்ட் சொட்டாமல் இருக்கச் செய்தித்தாள் விரித்து அதன்மேல் ஏணி வைப்பது பளபளப்பு டைலில் விழுவதற்கு நல்ல வழி! தாளை ஏணிக்காலைச் சுற்றி மட்டும் விரியுங்கள்.

சன்னல், பால்கனி விஷயம் தனி. தடுப்பு 1 மீட்டர் உயரம் என்பது தரையில் நிற்பவருக்குத்தான். இரண்டாம் படியில், அதாவது 50 செ.மீ. மேலே நின்றால் அது முழங்கால் அளவுக்கு வந்துவிடும். அங்கே விழுந்தால் வீட்டுக்குள் விழமாட்டார். கிரில் பூட்டாத சன்னலருகே ஏணியே வேண்டாம். வெளிப்பக்கச் சன்னலைப் பணிப்பெண் துடைப்பதென்றால் கிரில் பூட்டியிருக்க வேண்டும், முதலாளியோ பொறுப்பான பெரியவரோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் விதி. தீபாவளிக்கு முந்தைய வாரம் இது மறந்துபோகும்.

உட்லண்ட்ஸ்:
ஏணியைப் பொது நடைபாதையில் வைக்கலாமா? வாசலுக்கு வெளியேதான் இடம் இருக்கிறது.

அங் மோ கியோ, வீட்டுப் பழுதுபார்ப்பு:
வேண்டாம். தப்பிக்கும் வழிக்கு 1.2 மீட்டர் விட்டிருக்க வேண்டும், படிக்கட்டில் எதுவும் வைக்கவே கூடாது. பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் கான்கிரீட் பாதுகாப்பறை) வையுங்கள், ஆனால் காற்றுத் துளைகளை மறைக்காமல், கதவு முழுதாக மூடும்படி. கொக்கி மாட்டச் சுவரில் கண்டபடி துளைக்காதீர்கள், அந்த அறைக்குத் தனி விதி உண்டு. நிறுத்தி வைத்தால் ஒரு பட்டை போட்டுக் கட்டுங்கள், குழந்தை இழுத்தால் சரியும். துணி காயும் பக்கம் வைத்தால் அலுமினியம் துருப்பிடிக்காது, அதிலுள்ள எஃகு ரிவெட்டும் கால்களை விரித்துப் பிடிக்கும் எஃகுத் தாங்கியும் துருப்பிடிக்கும். ஃபைபர்கிளாஸ் வெயிலில் கிடந்தால் மேல்பூச்சு போய் நார் கிளம்பிக் கையில் குத்தும்.

மர ஏணிக்கு நிறப் பெயிண்ட் அடிக்காதீர்கள், விரிசல் தெரியாமல் போய்விடும். தெளிவான வார்னிஷ் மட்டும். கால் ரப்பர் கெட்டியாகி மழமழவென்றிருந்தால் மாற்றுங்கள். சட்டம் வளைந்த ஏணியை நிமிர்த்திப் பயன்படுத்த முடியாது. கழிக்கும்போது படிகளை அறுத்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் கீழே வைத்த அன்றே யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.