தக்காளி புளிப்பா, உமாமியா?

களியுருண்டை:
நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார்: "தக்காளி ரசம் ருசிக்கக் காரணம் உமாமிங்கிற தனிச் சுவை, அது நம்ம அறுசுவையில இல்ல"ன்னு. தர்மபுரியில பொறந்து தக்காளிக்கு ஜப்பான்ல பேர் வாங்கணுமா? தக்காளி புளிப்பு. அவ்வளவுதான்.

ராயக்கோட்டையான்:
எழுதினது நான்தான். 1908ல ஜப்பான்ல இக்கேடான்னு ஒரு வேதியியல் பேராசிரியர், கொம்புங்கிற கடற்பாசியில இருந்து குளூட்டமேட்டுங்கிற ருசி தர்ற பொருளைப் பிரிச்சு, அந்தச் சுவைக்கு உமாமின்னு பேர் வெச்சார். அதே குளூட்டமேட் தக்காளியிலயும் இருக்கு. காயில கம்மி, பழுக்கப் பழுக்கப் பல மடங்கு ஏறும். செங்காயில ஒரு ரசம், பழத்துல ஒரு ரசம் வெச்சுப் பாருங்கண்ணா.

களியுருண்டை:
1909லயே அதை அஜினமோட்டோன்னு கடைக்குக் கொண்டுவந்துட்டாங்களே, அதையும் சொல்லு தம்பி. சரக்கு விக்க ஒரு சுவை! தக்காளி புளிப்பு.

அரூர் அக்கா:
புளியும் புளிப்புதானே? அப்ப தொக்குக்குத் தக்காளி எதுக்கு, புளியையே வதக்கிக் களிக்குத் தொட்டுக்குங்க.

களியுருண்டை:
புளிக்காய்ச்சல்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையாக்கா? அறுசுவையில கார்ப்பு இருக்கு, துவர்ப்பு இருக்கு. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமின்னு அஞ்சு எண்ணுற ஜப்பான்காரன் கணக்குல ரெண்டும் காணோம். எவன் கணக்குல ஓட்டை?

ராயக்கோட்டையான்:
மிளகாய் அரிஞ்ச கையைக் கண்ணுல வெச்சா எரியுதே, கண்ணு ருசியா பாக்குது? காரம் எரிச்சல், நாக்கோட சுவை இல்ல. கருவாட்டுக் குழம்பு மறுநாள் இன்னும் தூக்கலா இருக்கே, அதுவும் வெறும் உப்பா?

களியுருண்டை:
கருவாட்டுக்கு ஓடாதே. பேச்சு தக்காளி. தக்காளி புளிப்பு.

பாலக்கோடு மாமா:
எந்தத் தக்காளி? ராயக்கோட்டையில இருந்து வர்ற ஆப்பிள் தக்காளியில புளிப்பும் இல்ல, உமாமியும் இல்ல. வெறும் தோலு. எங்க மார்க்கெட்டுக்கு வந்து நாட்டுத் தக்காளி வாங்குங்க.

ராயக்கோட்டையான்:
மாமா, உங்க மார்க்கெட்டுக்கு வர்றதுல பாதி எங்க பக்கத்துக் காய்தான்.

பாலக்கோடு மாமா:
போன வருஷம் என் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நீ அனுப்பின நாலு கூடையில ஒண்ணு அடியில அழுகல். இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டியா?

அரூர் அக்கா:
அதை இங்கயா பேசணும்?

களியுருண்டை:
பேசட்டும்க்கா. அழுகிப்போனா தக்காளி என்ன ஆகும்? இன்னும் புளிக்கும். உமாமின்னு எவனாவது மூக்கைப் பொத்தினானா?

ராயக்கோட்டையான்:
அண்ணா, செங்காய் ரசம் வெச்சீங்களா இல்லையா?

களியுருண்டை:
என் வீட்டு ரசத்துக்கு நான் எதுக்குப் பரீட்சை எழுதணும்? தக்காளி புளிப்பு.

பாலக்கோடு மாமா:
கூடைக்குப் பதில் வரல.